வலைக்கு முன்னால் நின்றவர்

எங்கள் கடையில் இறந்தவர்களின் படத்துக்கு முட்டை வடிவம். யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறுவதும் இல்லை. கல்யாணச் சோடிக்கு இதயம், வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட பிள்ளைக்குத் தாமரை, பிறந்தநாள் குழந்தைக்கு நட்சத்திரம், அடையாள அட்டைக்குப் பெட்டி. மரண அறிவித்தலுக்கும் முப்பத்தோராம் நாள் அஞ்சலிக்கும் மட்டும் நீள்வட்டம். அதன் விளிம்பு வெள்ளைக்குள் புகையாகக் கரைந்துபோக வேண்டும். முன்பக்கத்தில் இருந்து முதலாளி, "இவரை முட்டையில போடுங்கோ" என்று குரல் கொடுத்தால் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். நிலாவெளி வீதியால் பஸ்ஸில் போகிற சனம் மதிலில் ஒட்டிய தாளின் எழுத்தை வாசிப்பதற்கு முன்பே, அந்த முட்டையைக் கண்டு "ஆராம்?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. இந்த ஊர் மதில்களில் இருந்த முட்டைகளில் பாதியை வெட்டியதே நான்தான்.

திருகோணமலை டவுணில், துறைமுகப் பக்கம் இறங்கும் வீதியில், ஒரு ஸ்டூடியோவும் அச்சகமும் சேர்ந்த கடையில் பதினான்கு வருடமாகக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறேன். என் வேலை படம் வெட்டுவது. கத்தரிக்கோலால் அல்ல. ஒரு படத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கோடு போட்டுக் கொம்பியூட்டருக்குக் காட்டுவதைத்தான் நாங்கள் வெட்டுவது என்போம். பெட்டியும் முட்டையும் கொம்பியூட்டரே தரும், ஒரு இழுப்பில் முடிந்துவிடும். ஆனால் மனிதர்கள் பெட்டி வடிவத்தில் பிறப்பதில்லையே. காது இருக்கும், சேலைக் கொசுவம் இருக்கும், இடுப்பில் வைத்த கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு முக்கோண ஓட்டை இருக்கும், அந்த ஓட்டைக்குள் பின்னால் நிற்கிறவரின் வேட்டி தெரியும். அதையெல்லாம் பேனா மாதிரி ஒரு கருவியால் புள்ளி புள்ளியாக வைத்து, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் கோட்டை வளைத்து, சுற்றிக்கொண்டு வர வேண்டும். சுற்றி முடித்ததும் ஆளின் விளிம்பெல்லாம் ஒரு புள்ளிக்கோடு ஓடத் தொடங்கும். அந்தக் கோடு சரியாக ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோசத்தை வேறு ஒன்றும் எனக்குத் தந்ததில்லை.

ஒருமுறை கிண்ணியாவில் இருந்து ஒரு கல்யாணப் படம் வந்தது. மணப்பெண்ணின் தலையில் மெல்லிய சரிகைத் துணி, அதற்குள்ளால் மண்டபத்துத் திரைச்சீலை, மின்விசிறி, ஒரு தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தெரிந்தன. துணியை வைத்துக்கொண்டு அதற்குள் தெரிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு முழு நாள் இருந்து எடுத்தேன். பெண்ணின் தகப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். அதற்குப் பிறகு வேறு கடைகளில் இருந்தும் முடியாத படங்கள் எனக்கு வரத் தொடங்கின. தலைக்கனமும் அதோடு வந்து சேர்ந்தது.

மற்றவர்கள் வெட்டிய படங்களைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஒருவரின் தோளில் யாருடையதோ நாலு விரல் மிச்சம் இருக்கும். ஒருவருக்கு ஒரு காது போயிருக்கும். கேட்டால் படம் சரியில்லை என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் அவர்களுடைய முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று வீட்டிலும் சொல்வார்கள், கடையிலும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் அதை நான் ஒரு பட்டம் மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அந்த அக்கா கடைக்கு வந்தது மார்கழி மாதத்தில். மார்கழி என்றால் எங்களுக்குக் கலண்டர். ஊரில் உள்ள அத்தனை பலசரக்குக் கடைக்காரருக்கும் புதுவருடத்துக்கு முன்னால் கலண்டர் வேண்டும். அன்றைக்கு ஒரு நகைக்கடைக்காரர் தன்னுடைய மூன்று பிள்ளைகளையும் லட்சுமியின் காலடியில் தாமரை இதழ்களில் இருத்தி ஒரு கலண்டர் கேட்டிருந்தார். மூன்றாவது பிள்ளை எந்தப் படத்திலும் வாயை மூடவில்லை. நான் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன்.

அக்காவின் குடையில் இருந்து தண்ணீர் சொட்டியது. இறக்கக்கண்டியில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். போனை இரண்டு பொலித்தீன் பையால் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் ஃபைபர் போட்டில் மீன்பிடிக்கப் போகிறவர். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று தனியப் போனவர், பன்னிரண்டு நாளாகத் திரும்பவில்லை. கடற்படை தேடியது, ஊர்ப் போட்டுகள் தேடின, ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. எஞ்சின் பழுதாகி நீரோட்டத்தில் போனவர்கள் கிழமைக்கணக்கில் மிதந்து, தூரத்து நாட்டுக் கப்பலில் ஏறித் திரும்பி வந்த கதைகள் இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். மீன்பிடித் துறைமுகத்தில் இருந்து போகிற பலநாள் படகுகள் ஆழ்கடலுக்குப் போகின்றன. அவற்றில் ஒவ்வொன்றிலும் ஒரு தாள் இருந்தால், யாராவது ஒருவரின் கண்ணில் படாதா என்பதுதான் அக்காவின் எண்ணம். மேலே 'காணவில்லை' என்று பெரிதாக, நடுவில் படம், கீழே போட் இலக்கமும் தொலைபேசி இலக்கமும். மழைக்குத் தாங்க லமினேற் பண்ணி, ஐம்பது தாள்.

அவர் இன்றுவரை வரவில்லை. வாசிக்கிறவர்கள் கடைசிவரை அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததால்தான் வரவில்லை என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. செய்யாமல் இருந்திருந்தால் வந்திருப்பாரா என்று கேட்டுப் பார்க்க எனக்குத் துணிவும் இல்லை.

போனில் இருந்தது ஒரே ஒரு நல்ல படம். கடற்கரையில் எடுத்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். சுருட்டை முடி, காற்றுக்கு நாலு பக்கமும் எழும்பி நின்றது. அவருக்குப் பின்னால் குவித்துப் போட்ட வலை.

"முகம் நல்லாத் தெரியோணும், தங்கச்சி" என்றார் அக்கா.

"பின்னால வலை கிடக்கு அக்கா. ஆளை வெட்டி எடுத்தால்தான் வடிவா இருக்கும்."

"வலை இருக்கட்டுமே."

"இருந்தால் குப்பையாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தேன்.

தோளைச் சுற்றினேன், கழுத்தைச் சுற்றினேன், காதுகளைச் சுற்றினேன். முடிக்கு வந்ததும் கை நின்றது. முடியும் கறுப்பு, வலை நூலும் கறுப்பு. எது சுருள், எது கண்ணி என்று பெரிதாக்கிப் பார்த்தாலும் பிரிபடவில்லை. கொம்பியூட்டரே தேடிப் பிடிக்கிற கருவியைப் போட்டுப் பார்த்தேன், அது தலையோடு அரைவாசி வலையையும் அள்ளிக்கொண்டு வந்தது. கையால் சுற்றிப் பார்த்தேன், தலை நண்டுபோல வந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். முன்பக்கத்தில் இருந்து முதலாளி, நகைக்கடைக்காரர் வந்து நிற்கிறார் என்று இரண்டாம் முறையும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் செய்திருக்கக் கூடியது ஒன்று இருந்தது. ஒரு பெட்டி போட்டு, வலையும் காற்றும் வெயிலும் எல்லாமாகச் சேர்த்து அப்படியே எடுத்திருக்கலாம். அக்கா கேட்டதும் அதுதான். அடையாள அட்டைக்கு வருகிற சின்னப் பிள்ளைகூட அதைச் செய்யும், அதனால்தான் நான் செய்யவில்லை. குப்பைப் பின்னணியோடு ஒரு படம் என் கையால் வெளியே போவதா? நாளைக்கு மற்றக் கடைக்காரர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? காணாமல் போன ஒரு மனிதரின் முகத்துக்கு முன்னால் இருந்துகொண்டு நான் யோசித்தது இதைத்தான்.

எனவே முட்டையைப் போட்டேன். அஞ்சலிக்கு என்று வைத்திருக்கும் கோப்பு எப்போதும் திறந்தே இருக்கும். மேகம் மாதிரி வெள்ளைப் பின்னணி, கீழே ஒரு குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் 'தோற்றம்', 'மறைவு'. நான் விளக்கை அழித்தேன். தோற்றத்தையும் மறைவையும் அழித்தேன். மேலே 'காணவில்லை' என்று அடித்தேன். முகத்தைச் சுற்றி நீள்வட்டத்தை இழுத்து, விளிம்பை நன்றாக மங்க வைத்து, வெள்ளைக்குள் ஒட்டினேன். முடியின் பிரச்சினை புகைக்குள் கரைந்துபோனது. படம் நல்ல அழகாக வந்திருந்தது. விளக்கை அழிக்கத் தெரிந்த எனக்கு அது என்ன கோப்பு என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன், விளக்கு இல்லையே, போதும் என்று நினைத்தேன்.

பக்கத்தில் கதிரையில் இருந்த அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இது..."

"என்ன அக்கா?"

"போனில இருக்கிற மாதிரி, உள்ளபடியே விட்டால் என்ன?"

"அக்கா, வடிவா வரோணுமா, வேண்டாமா?"

நான் கேட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. கணக்குப் பிழைத்த பிள்ளையை ரீச்சர் கேட்பதுபோலக் கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற நகைக்கடைக்காரரைப் பார்த்தார். "ஓம், சரி. உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஐம்பது தாளும் அடித்து, லமினேற் பண்ணி, மழை படாமல் சுற்றிக் கொடுத்தேன். அவர் படி இறங்குவதற்கு முன்பே வாய் மூடாத பிள்ளையின் வாயை மூடத் தொடங்கிவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் அக்கா திரும்பவும் வந்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. மேசையில் இருந்த கலண்டர்களை ஒதுக்கி, சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை விரித்து, மூலைகள் எழும்பாமல் கையால் பிடித்துக்கொண்டார். நான் அச்சடித்த தாள்தான். அவருடைய கணவரின் நெற்றியில் சந்தனம் காய்ந்திருந்தது. அதன்மேல் குங்குமம். மேலே இரண்டு மூலையிலும் ஆணித்துளை, ஒரு துளையில் மாலை கட்டிய நார் இன்னும் தொங்கியது.

"துறைமுகத்தில ஒரு படகில இருந்து வாங்கிக்கொண்டு வந்தனான்" என்றார். "தேடி ஏதும் தகவல் கிடைச்சுதோ எண்டு கேக்கப் போனனான். சாமிப் படத்துக்குப் பக்கத்தில வைச்சு ஊதுபத்தி கொளுத்தி இருந்தவை. குறை நினையாதைங்கோ பிள்ளை, நாங்கள் எங்கட ஆள் மாதிரித்தான் பாக்கிறம் எண்டு சொல்லிச்சினம்."

அக்கா குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போனார். ஊர்ச் சந்தியில் கடை வாசலில் அவரே ஒரு தாளை ஒட்டியிருந்தார். பின்னேரம் அதைக் கண்ட ஒருவர் ஈச்சிலம்பற்றில் இருக்கும் கணவரின் தமக்கைக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தமக்கை மூன்று பஸ் மாறி, படலையில் இருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"அதுக்குள்ள மூண்டு வீட்டில இருந்து சோறு வந்திட்டுது, தங்கச்சி. நான் அடுப்பில கறி வைச்சுக்கொண்டு நிண்டனான்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலவர்கள் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது அன்பு, அதைத் திருப்பி அனுப்பவும் ஏலாது. கறி கொதிக்கிற அடுப்புக்கு முன்னால் மூன்று வீட்டுச் சோற்றுப் பானையோடு அக்கா நின்றதை அவர் சொல்லி முடிக்கும்வரை என்னால் நிமிர முடியவில்லை.

"எழுத்தை ஒருத்தரும் வாசிக்கேல்ல" என்றார் அக்கா. "படத்தைப் பாத்தே முடிவு கட்டிட்டினம். தேடுறதை விட்டுட்டுக் கும்பிடத் துவங்கிட்டினம்."

நியாயமாக நான் அப்போது அழுதிருக்க வேண்டும், அல்லது கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். என் வாயில் இருந்து வந்தது வேறு. "நீங்களும் பாத்துத்தானே சரி எண்டு சொன்னனீங்கள், அக்கா" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஓம்" என்றார். "நான் சொன்னனான்தான்."

அவர் மறுத்திருந்தால் நான் வாதாடியிருப்பேன், வாதாடினால் எனக்குத் தெம்பு வந்திருக்கும். அவர் ஒத்துக்கொண்டதும் எனக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. முதலாளி முன்பக்கத்தில் இருந்து எழும்பி வந்து தாளைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். என்னை ஏசவில்லை. "உடன வேற அடிச்சுக் குடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருக்கலாம்.

"இருங்கோ அக்கா" என்றேன். "இண்டைக்கு முழுக்க இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொரு முடியா வெட்டித் தாறன். வலை ஒரு நூல்கூடத் தெரியாது."

பிராயச்சித்தம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதிலும் என்னுடைய கெட்டித்தனம்தான் துருத்திக்கொண்டு நின்றது என்பது அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"வேண்டாம்" என்றார். "வலைதான் வேணும்."

போனை எடுத்து, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கணவரின் முகத்தைத் தாண்டித் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் நூலைத்தான் பார்த்திருந்தேன், நூலோடு கட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. மற்றவர்களின் வலைகளில் இருப்பதுபோன்ற மிதவைகள் அல்ல. மஞ்சள் எண்ணெய்க் கான்கள், மூடியை இறுக்கி, சிவப்பு நைலோன் கயிற்றால் குறுக்கும் மறுக்குமாகக் கட்டியவை.

"இந்தக் கட்டு நான் கட்டினது. இப்பிடி வேற ஒருத்தரும் கட்டிறேல்ல. இந்த வலையோடதான் போனவர். போட் அள்ளுண்டு போனாலும் கான் தாழாது. ஆழ்கடலில மஞ்சள் கானைக் கண்டால் அந்தப் பக்கம் தேடுவினம் எண்டு நினைச்சனான். அண்டைக்கே சொல்ல வந்தனான்." போனை மேசையில் வைத்தார். "நீங்கள் குப்பை எண்டு சொன்னீங்கள்."

பெட்டியை இழுத்தேன். மேலே ஒரு மூலை, கீழே ஒரு மூலை. வெயிலும் காற்றும் வலையும் கானும் அவரும் ஒரே இழுப்பில் உள்ளே வந்தார்கள். கோப்பும் புதிது, வெறும் வெள்ளை. கீழே கானைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன். எல்லாமாக இரண்டு நிமிடம் ஆகவில்லை. பதினான்கு வருடத்தில் நான் செய்த மிகச் சுலபமான வேலை அது. அதை நாலு நாள் முன்னால் செய்திருந்தால் அந்த மனிதரை நாலு நாள் தேடியிருப்பார்கள்.

தாள்கள் லமினேற் ஆகி வரும்போது, நானும் துறைமுகத்துக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. ஒவ்வொரு படகுக்காரரிடமும் நானே என் வாயால், இது நான் செய்த பிழை என்று சொல்ல வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். ஓட்டோவில் போகும்போது அந்த வசனத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். 'நான்தான் அண்ணை படம் செய்தது, பிழை என்னில.' சின்ன வசனம்தான்.

மழை விட்டிருந்தது. இறங்குதுறையில் டீசல் மணமும் ஐஸ் உடைக்கிற சத்தமும். அக்கா தாள் கொடுத்த படகுகளில் பதினொன்று ஏற்கெனவே என்னுடைய முட்டையோடு கடலுக்குப் போய்விட்டிருந்தன. அவை திரும்பி வர மூன்று கிழமையோ ஒரு மாதமோ ஆகும். அதுவரைக்கும் அந்தப் பதினொரு படகிலும் அவர் செத்தவர்தான். நிற்கிற படகுகளுக்காவது கொடுப்போம் என்று அக்கா முன்னால் நடந்தார், நான் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முதல் படகில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பழையதைத் தந்து புதியதை வாங்கிக்கொண்டார்கள். அடுத்ததில் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெரியவர் தாளை வாங்கி, "ஜும்மாவுக்குப் பிறகு அவருக்காகத் துஆக் கேட்டம், தங்கச்சி" என்று அக்காவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "அதையே இப்ப வரோணும் எண்டு கேளுங்கோ நானா" என்றார் அக்கா. அவர் பழைய தாளையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அங்கேயும் என் வசனம் வெளியே வரவில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும், யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் நின்ற படகு அன்று பின்னேரம் புறப்பட இருந்தது. ஐஸ் ஏற்றி முடித்துக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் படகில் ஏறுவதில்லை, நாங்கள் கரையில் நின்றோம். சுக்கான் அறையின் கண்ணாடிக்குள்ளால் பார்க்கவே தெரிந்தது. முருகனுக்கும் மாதாவுக்கும் நடுவில் என்னுடைய முட்டை, புதிதாகக் கட்டிய செவ்வரத்தைப் பூ மாலையோடு. விளிம்பெல்லாம் கரைந்து, வெள்ளையில் மிதந்துகொண்டு, அந்த மனிதர் யாரையோ ஆசீர்வதிப்பவர்போல இருந்தார். நல்ல வேலைதான். தூரத்தில் இருந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

படகோட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். அக்கா விசயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது.

"ஏன் மாத்திறீங்கள் பிள்ளை? நாங்கள் ஒரு குறையும் வைக்கேல்ல. ஒவ்வொரு நாளும் சாம்பிராணி காட்டிறம்."

"அவர் இருக்கிறார் அண்ணை. தேடுறதுக்குத்தான் தந்தனான்."

அவர் சுக்கான் அறைக்குள் போய்த் தாளைக் கழற்றிக் கையில் எடுத்தார். மேலே இருந்த எழுத்தை அப்போதுதான் வாசித்திருப்பார் என்று நினைக்கிறேன். வாசித்துவிட்டு மாலையைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"அப்ப இந்தக் கோலத்தில இதை அடிச்சது ஆர்? இருக்கிற மனுசனுக்கு எங்களைக் கொண்டு மாலை போட வைச்சிட்டாங்களே. பாவமெல்லோ இது. எந்தக் கடை, சொல்லுங்கோ."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. வாயில் கொழுக்கட்டையை வைத்தவள் மாதிரி நின்றேன். மற்றவர்கள் வெட்டிய படங்களைப் பார்த்து முகத்துக்கு நேரே சிரித்த வாய் அது. எந்தப் படகோட்டியும் என்னை அடிக்கப் போவதில்லை, எந்த வேலையும் என்னை விட்டுப் போகப் போவதில்லை. இருந்தும் திறக்கவில்லை.

"கடைக்காரரில பிழை இல்லை அண்ணை" என்றார் அக்கா. "நான்தான் அப்பிடிக் கேட்டு அடிப்பிச்சனான்."

ஏன் அப்படிச் சொன்னார் என்று நான் பிறகும் கேட்டதில்லை. படகு புறப்படுகிற நேரம், கோபத்தில் தாளை வாங்காமல் போய்விடுவார் என்று பயந்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் படகோட்டி அவரையே பார்த்தார்.

"நீயே கேட்டனியோ, பிள்ளை?"

"ஓம்."

அதுவரைக்கும் நீங்கள் என்று கதைத்தவர் அவர். கயிறு சுற்றியவர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு விளங்கியது. மனுசன் கடலுக்குப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெண்சாதி தானே போய்ச் சாவுத்தாள் அடிப்பித்திருக்கிறாள். இந்தக் கதை அக்காவின் பஸ்ஸுக்கு முன்னால் இறக்கக்கண்டிக்குப் போய்ச் சேரும். அதை நிறுத்த ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

படகோட்டி மாலையோடு பழைய தாளைத் தண்ணீருக்கு மேலால் எட்டி அக்காவிடம் கொடுத்தார். அக்கா மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் புதிய தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, வலையைப் பார்த்தார், மஞ்சள் கான்களைப் பார்த்தார், கீழே இருந்த வரியை உதடு அசைய வாசித்தார். "ஓம், இது விளங்குது. இப்பிடியெல்லோ முதலே தந்திருக்கோணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அக்காவுக்கு இல்லாமல்போன மரியாதை எனக்குக் கிடைத்தது.

"நீங்கள் இவவுக்கு ஆரு? தங்கச்சியோ?"

அக்கா என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன்.